மூன்றாம் தலைமுறை பிறியஸ்: ஹைபிரிட் பற்றரியை வீட்டில கழட்டிச் சோதிக்கிறது எப்பிடி?

கோண்டாவில்_தம்பி

அண்ணைமாருக்கு வணக்கம். வாகனம் 2010 பிறியஸ். சிவப்பு முக்கோணம் எரியுது. ஸ்கானரில பி0ஏ80 (ஹைபிரிட் பற்றரி பழுது எண்ட கோட்), அதோட பி3016 வருது. பற்றரியை முழுசா மாத்தச் சொல்லீனம். அதுக்கு முதல் கழட்டிச் சோதிச்சுப் பாக்க விருப்பம். வீட்டு வயரிங் வேலை தெரியும், மீற்றர் பிடிக்கத் தெரியும். எங்க தொடங்கிறது? என்ன சாமான் வேணும்? எது பிழைக்கும்?

வோல்ட்மீற்றர்

தம்பி, ஸ்பனரைத் தொட முதல் மூண்டு விசயம் பாருங்கோ. மூண்டும் காசில்லாத வேலை.

முதலாவது, டிக்கிக்குள்ள வலப்பக்கம் இருக்கிற சின்ன 12 வோல்ட் பற்றரி. அது சோர்ந்தால் கணினிகள் தேவையில்லாத கோடெல்லாம் தூக்கும். வாகனம் நிண்டு ஓய்ஞ்ச பிறகு 12.4 வோல்ட்டுக்கு மேல இருக்கோணும். வாகனத்தை ஸ்ரார்ட் பண்ணி ஓட ஆயத்தமா நிக்கிற ரெடி நிலையில 14 வோல்ட் அளவு காட்டோணும்.

இரண்டாவது, பின் சீட்டுப் பக்கத்தில இருக்கிற காத்துத் துவாரமும் அதுக்குள்ள இருக்கிற ஃபானும். பின் சீட்டில பை, துணி வைச்சு அந்தத் துவாரத்தை மூடுறவை கனபேர். எங்கட புழுதிக்கு ஃபான் இதழில தூசு கம்பளி மாதிரிப் படியும். காத்துக் குறைஞ்சால் பொதியின்ர, அதாவது முழு ஹைபிரிட் பற்றரியின்ர, நடு மொடியூல்கள்தான் (உள்ளுக்குள்ள அடுக்கியிருக்கிற சின்னப் பற்றரிகள்) கூடச் சூடாகும், அதுகள்தான் முதல் சாகும். ஃபானைத் துப்புரவாக்காமல் புதுப் பற்றரி போட்டால் அதையும் கெதியா இழப்பியள்.

மூண்டாவது, புளொக் வோல்ட். உங்கட பொதியில 28 மொடியூல். ஒண்டொண்டும் 7.2 வோல்ட், 6.5 அம்பியர் மணி, உள்ளுக்குள்ள 1.2 வோல்ட் நிக்கல் செல் ஆறு. மொத்தம் 201.6 வோல்ட். பற்றரிக் கணினி இரண்டிரண்டு மொடியூலாச் சேர்த்து 14 புளொக்காத்தான் பாக்குது. பி3011 எண்டால் 1ஆவது புளொக், பி3024 எண்டால் 14ஆவது. உங்கட பி3016 ஆறாவது புளொக், அதாவது 11ஆம் 12ஆம் மொடியூல்.

புளூடூத் ஓபிடி (வாகனக் கணினியை வாசிக்கிற சின்னக் கருவி) ஒண்டும் போனில டொக்டர் பிறியஸ் செயலியும் இருந்தால் 14 புளொக்கையும் ஓடேக்க பாக்கலாம். பக்கத்தில ஒராள் இருந்து பாக்கட்டும், ஓட்டுறவர் பாக்கக் கூடாது. ஏத்தத்தில அமத்தேக்க எந்தப் புளொக் மற்றதை விட ஆழமா விழுது, பிரேக் பிடிக்கேக்க எது மற்றதை விட உயர எழும்புது எண்டு குறியுங்கோ. விழுறதும் எழும்புறதும் ஒரே புளொக் எண்டால் அதில கொள்ளளவு போட்டுது. நல்ல பொதியில புளொக்குகளுக்கிடையில 0.2, 0.3 வோல்ட் வித்தியாசம்தான் வரும். லோட்டில 1 வோல்ட் தாண்டினால் கழட்டத்தான் வேணும்.

மட்டுநகர்_மின்னியல்

வயரிங் தெரியும் என்று தம்பி எழுதியதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். வீட்டு வயரிங் பழக்கத்தோடு இந்தப் பொதியைத் தொட வேண்டாம்.

வீட்டில் ட்றிப் சுவிச் உங்களைக் காப்பாற்றுகிறது. இங்கே அப்படி ஒன்றும் இல்லை. பொதியின் இரண்டு முனையும் வாகன உடலோடு சேராமல் தனியே நிற்கின்றன. அதனால் ஒரு முனையைத் தொட்டால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. அந்தத் தைரியத்தில் மற்றக் கையை மற்ற முனையில் வைத்தால் 200 வோல்ட் நேர்மின்னோட்டம் நெஞ்சுக்கு ஊடாகப் போகும். நேர்மின்னோட்டத்தில் பொறி கிளம்பினால் தானாக அணையவும் மாட்டாது. மாறுமின்னோட்டம் ஒரு செக்கனில் நூறு தடவை பூச்சியத்தைத் தாண்டுவதால் பொறி அறுந்துவிடும். இங்கே அந்தப் பூச்சியம் கிடையாது.

வாகனத்தை நிறுத்தினால் பிரதான றிலேக்கள் விடுபட்டு, வெளியே போகும் செம்மஞ்சள் கேபிள்களில் மின் நிற்கும். பொதிக்குள் நிற்காது. சேர்விஸ் பிளக்கை (பொதியில் கையால் இழுத்தெடுக்கும் துண்டிப்புச் செருகி) உருவினால் பொதி இரண்டு துண்டாகப் பிரியும், அவ்வளவுதான். 201.6 வோல்ட்டை எப்படி இரண்டாக வெட்டினாலும் ஒரு துண்டிலாவது 100 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்கும். பிளக் கையில் இருக்கிறது, இனிப் பயமில்லை என்று எண்ணுவதுதான் ஆபத்தான எண்ணம்.

வேண்டியவை: 1000 வோல்ட்டுக்குரிய வகுப்பு 0 மின்காப்புக் கையுறை, அதன்மேல் போடத் தோல் கையுறை, கண்ணாடி, கேட் 3 என்று குறித்த 600 வோல்ட்டோ அதற்கு மேலோ தாங்கும் மீற்றர், கைப்பிடிவரை இன்சுலேசன் ரேப் சுற்றிய 8 மி.மீ. சொக்கற். மோதிரம், மணிக்கூடு, சங்கிலி எல்லாம் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள். வேலை நடக்கும்போது இன்னொருவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

கோண்டாவில்_தம்பி

நன்றி அண்ணை. கடையில விக்கிற தடிச்ச றப்பர் கிளவுஸ் காணாதோ?

மட்டுநகர்_மின்னியல்

காணாது. அவற்றில் வோல்ட் அளவு குறித்திருக்காது, கண்ணுக்குத் தெரியாத ஊசித் துவாரமும் இருக்கும். வகுப்பு 0 கையுறையையும் ஒவ்வொரு முறையும் போடுவதற்கு முன் மணிக்கட்டுப் பக்கத்திலிருந்து சுருட்டி, உள்ளே காற்றை அடைத்து, விரல்களை அழுத்திப் பாருங்கள். எங்காவது காற்றுக் கசிந்தால் அந்தச் சோடியைப் பாவிக்க வேண்டாம்.

தென்மராட்சி_கராஜ்

கழட்டுற ஒழுங்கு சொல்லுறன். 10, 12, 14 மி.மீ. சொக்கற், நீட்டுத் தண்டு, பிளாஸ்ரிக் கிளிப் நெம்புற கத்தி இருந்தால் காணும்.

திறப்பை வாகனத்திலயிருந்து தூரத்தில வையுங்கோ, சட்டைப் பைக்குள்ள வேண்டாம். டிக்கிக் கதவைத் திறந்து, அது மூடுப்படாமல் பாருங்கோ. அதின்ர பூட்டு மின்சாரத்தில வேலை செய்யிறது, 12 வோல்ட்டைக் கழட்டினாப் பிறகு மூடுப்பட்டால் திறக்கேலாமல் நிப்பியள். அடுத்தது 12 வோல்ட் பற்றரியின்ர மைனஸ் வயரைக் கழட்டி ரேப் சுத்துங்கோ. பிறகு கிளவுஸ் போட்டு சேர்விஸ் பிளக்கை உருவுங்கோ. உருவின பிளக் உங்கட பொக்கற்றுக்குள்ளதான் இருக்கோணும், ஏனெண்டால் வேறை ஆரும் "விழுந்து கிடக்குது" எண்டு எடுத்து மாட்டக் கூடாது. பிளக் இருந்த ஓட்டையை ரேப் போட்டு மூடுங்கோ.

இனிப் பத்து நிமிசம் ஒண்டும் தொடாமல் நில்லுங்கோ. முன்னுக்கு இன்வேட்டரில இருக்கிற கப்பாசிற்றர் இறங்கிறதுக்கு ரொயோட்டாவே சொல்லுற நேரம் அது.

டிக்கித் தட்டு, அதின்ர கீழ்ப் பெட்டி, இரண்டு பக்கப் பிளாஸ்ரிக், பின் சீட்டின்ர சாயுற பகுதி எல்லாம் வெளிய வரோணும். கிளிப்புகளையும் ஆணிகளையும் கழட்டின ஒழுங்கில தனித்தனிக் கோப்பையில போட்டால் பூட்டேக்க தடுமாற வேண்டி வராது. காத்துக் குழாய் இரண்டு துண்டாக் கழரும். செம்மஞ்சள் கேபிள் இரண்டையும் கழட்ட முதல் அந்த முனைகளில மீற்றரை வைச்சுப் பாருங்கோ, 0 வரோணும். அதுக்கு முதல் 12 வோல்ட் பற்றரியில வைச்சு மீற்றர் வேலை செய்யுதோ எண்டு பாருங்கோ. செத்த மீற்றரும் 0தான் காட்டும். கழட்டின கேபிள் முனை ஒவ்வொண்டையும் தனித்தனியா ரேப்பால மூடிப்போடுங்கோ.

பொதி 40 கிலோ அளவு. இரண்டு பேர் இல்லாமல் தூக்க வேண்டாம். டிக்கி விளிம்பில தடிச்ச துணி போட்டால் பெயின்ற் தப்பும். இறக்கி வைக்கிறது மர மேசை, இரும்பு மேசை வேண்டவே வேண்டாம்.

வோல்ட்மீற்றர்

பொதியைத் திறந்தாப் பிறகு செய்யோணும் எண்டதை நான் சொல்லுறன். இதிலதான் கனபேர் அவசரப்படுறவை.

மேல் மூடி எடுத்தால் மொடியூல்கள் புத்தகம் அடுக்கின மாதிரி நிக்கும். பிளஸ், மைனஸ் மாறி மாறி வரும். ஒவ்வொரு மொடியூலிலயும் 1 தொடக்கம் 28 வரை மார்க்கரால எழுதுங்கோ, பிளஸ் எந்தப் பக்கம் எண்டு அம்புக்குறியும் போடுங்கோ. படம் எடுங்கோ. பிறகு கிளவுஸோட, ஒரு பக்கத்துக் கொப்பர் பட்டைகளின்ர 8 மி.மீ. நட்டுகளை மட்டும் முழுக்கக் கழட்டி, அந்தப் பட்டைச் சட்டத்தை எடுங்கோ. ஒவ்வொரு பட்டையும் இரண்டு மொடியூலைத்தான் சேர்க்குது. அதனால ஒரு பக்கம் முழுக்க எடுத்தால் சங்கிலி அறுந்து, மற்றப் பக்கத்தில சோடி சோடியாத்தான் நிக்கும். ஒரு சோடி 16 வோல்ட்டுக்குக் கிட்ட. அந்த நேரத்திலயிருந்து ஆளுக்குக் கரண்ட் அடிக்கிற பயம் போகுது. இரண்டு பக்கத்தையும் கலந்து கழட்டினால் எது எவ்வளவு வோல்ட்டில நிக்குது எண்டு உங்களுக்கே தெரியாது.

ஆனால் ஸ்பனர் குறுக்க விழுகிற பயம் கடைசி மட்டும் இருக்கு. ஒரு மொடியூல் தனியவே நூறு அம்பியருக்கு மேல தள்ளும். ஸ்பனர் முனை உருகித் தெறிக்கும்.

மொடியூலுக்கு மேல ஓடுற மெல்லிய குழாய் வாயு வெளியேற. அடியில கிளிப் போட்டிருக்கிறது வெப்ப உணரிகள். இரண்டையும் இழுத்துப் பிய்க்காமல் மெதுவா எடுங்கோ. கடைசியா அடித்தட்டு ஆணி, பிறகு இரண்டு முனைத் தகடு.

நல்லூர்_மெக்கானிக்

இவ்வளவு வேலை தேவையில்லை எண்டுதான் நான் சொல்லுவன். 28க்கும் மீற்றர் வைச்சால் ஒண்டு 6.5 காட்டும், மற்றது எல்லாம் 7.7க்கு மேல. அந்த ஒண்டைக் கழட்டிப் பழசு ஒண்டு போட்டால் முடிஞ்சுது. கொழும்பு பஞ்சிகாவத்தையில மொடியூல் தனியா வாங்கலாம்.

வோல்ட்மீற்றர்

அந்த ஒண்டு செத்தது எண்டது சரி. ஆறு செல்லில ஒரு செல் போனால் 1.2 வோல்ட் குறையும், 7.7 இருக்க வேண்டிய இடத்தில 6.5 நிக்கும். ஆனால் மற்ற 27உம் நல்லது எண்டு ஓய்வு வோல்ட்டை வைச்சுச் சொல்லவே ஏலாது. நிக்கல் பற்றரியில 2 அம்பியர் மணிதான் மிச்சம் எண்ட மொடியூலும் 7.7 காட்டும், 5 அம்பியர் மணி இருக்கிறதும் 7.7 காட்டும்.

ஒண்டை மட்டும் மாத்திறது ஏன் கனநாள் நிக்காது எண்டால், 28உம் தொடரா நிக்குது. ஒரே கரண்ட் எல்லாத்துக்குள்ளாலயும் போகுது. கொள்ளளவு குறைஞ்சது மற்றதுக்கு முதல் காலியாகி, மற்றதுக்கு முதல் நிரம்புது. காலியானதுக்குள்ளால கரண்டைத் தள்ளினால் செல் தலைகீழாகும். நிரம்பினதுக்குத் தள்ளினால் சூடாகி வாயு விடும். ஒண்டு செத்த வீட்டில அடுத்த நாலைஞ்சு மொடியூல் வரிசையில நிக்குது எண்டுதான் எடுக்கோணும். அந்த நாலைஞ்சு எது எண்டு லோட் சோதனை சொல்லும்.

எச்4 முன்விளக்குப் பல்ப் ஒண்டு போதும். 12 வோல்ட், 55 வாட் இழையை மட்டும் இணையுங்கோ. 7.5 வோல்ட்டில அது மூண்டரை அம்பியர் அளவு இழுக்கும். இணைக்க முதல் வோல்ட், இணைச்சு ஒரு நிமிசத்தில, இரண்டு நிமிசத்தில, கழட்டி ஒரு நிமிசத்தில எண்டு நாலு எண் எழுதுங்கோ. 28க்கும் அதே பல்ப், அதே வயர், அதே நேரம். மீற்றர் முனையை மொடியூலின்ர முனையில வையுங்கோ, பல்ப் வயரில வைச்சால் வயரில விழுகிற வோல்ட்டும் சேர்ந்து வரும். பல்ப் கடுமையாச் சுடும், பிளாஸ்ரிக்கில முட்டக் கூடாது.

கோண்டாவில்_தம்பி

செய்து முடிச்சன். முக்கியமானதை மட்டும் போடுறன், முதல், ஒரு நிமிசம், இரண்டு நிமிசம் எண்ட ஒழுங்கில.

12ஆவது: 6.55, 6.21, 6.12
14ஆவது: 7.66, 7.21, 6.94
15ஆவது: 7.68, 7.25, 7.02
17ஆவது: 7.70, 7.33, 7.16
மற்றது எல்லாம் 7.72 தொடக்கம் 7.78, இரண்டு நிமிசத்தில 7.48 தொடக்கம் 7.56.

அதோட 12க்கும் 13க்கும் இடையிலான கொப்பர் பட்டையில பச்சையாப் பூத்திருக்கு. அதில வாற மெல்லிய வயரின்ர முனை கறுத்துப்போச்சு.

வோல்ட்மீற்றர்

பாத்தியளே, 14, 15, 17 மூண்டும் ஓய்வில மற்றதோட சேர்ந்துதான் நிண்டது. லோட் போட்டவுடன பிரிஞ்சிட்டுது. நடுப்பகுதிதான் விழுந்திருக்கு, சூட்டில போன பொதி இப்பிடித்தான் இருக்கும்.

12 திரும்பாது. செல் போனதுக்குச் சார்ஜ் ஏத்தி மினக்கெட வேண்டாம். 14, 15, 17ஐச் சார்ஜ், டிஸ்சார்ஜ் சுத்துக்குப் போட்டுப் பாருங்கோ, சிலது எழும்பும்.

தென்மராட்சி_கராஜ்

பச்சைப் பூவை லேசா எடுக்க வேண்டாம். அந்த மெல்லிய வயராலதான் கணினி புளொக் வோல்ட்டை அளக்குது. முனை அரிச்சால் நல்ல புளொக்கும் குறைவாக் காட்டும், அதே பி0ஏ80 வரும். பட்டைகளைச் சட்டத்திலயிருந்து எடுத்து வினாகிரியில ஊற விட்டு, நைலோன் தூரிகையால தேய்ச்சு, அப்பச்சோடா கரைச்ச தண்ணியில அலசி, நல்ல தண்ணியில கழுவி வெயிலில முழுக்கக் காய விடுங்கோ. நிக்கல் பூச்சு உரிஞ்சு செம்பு தெரியுற பட்டையை மாத்துங்கோ. மொடியூல் முனையில திரவம் படக் கூடாது, அதுக்கு மெல்லிய மணல் தாள் காணும். கறுத்த வயர் முனை கையில உதிர்ந்தால் சட்டத்தை முழுசா மாத்திறது நல்லம்.

12ஆவதின்ர அடியையும் தட்டையும் பாருங்கோ. வெள்ளைப் பொடியோ ஈரக் கோடோ இருந்தால் உள்ளே இருக்கிற பொட்டாசியம் ஐதரொட்சைட்டு கசிஞ்சிருக்கு. அது கடும் காரம், தோலை அரிக்கும், கண்ணில பட்டால் பார்வையே போகும். வினாகிரியால துடைச்சு நடுநிலையாக்கோணும், அப்பச்சோடா இதுக்கு உதவாது. அந்தக் கசிவு தட்டில பட்டால் பி0ஏஏ6, காப்புப் பிழைக் கோடு வரும்.

வோல்ட்மீற்றர்

இப்ப கொள்ளளவுச் சோதனை. ஐமாக்ஸ் பி6 மாதிரி ஒரு சார்ஜர் வேணும். நிக்கல் மெற்றல் ஐதரைட்டு முறை, ஏத்திற கரண்ட் 5 அம்பியர், கொள்ளளவு வரம்பு 7200 மில்லி அம்பியர் மணி, இறக்கிறது 6.0 வோல்ட்டில நிக்க. 6.0க்குக் கீழ போகவே கூடாது.

மொடியூலைத் தனிய நிப்பாட்டி ஏத்த வேண்டாம். பக்கங்கள் ஊதும், ஊதினது பிறகு தட்டுக்குள்ள பொருந்தாது. முனைத் தகடு இரண்டுக்கும் இடையில இறுக்கி வைச்சு, அல்லது தடிச்ச பலகை இரண்டும் கிளாம்பும் போட்டு ஏத்துங்கோ. வெப்பம் 45 பாகை செல்சியஸ் தாண்டினால் நிப்பாட்டிப்போட்டு ஆற விடுங்கோ. ஃபான் காத்து நேர படட்டும். வாயு வரும், அதனால திறந்த விறாந்தை நல்லம், சாமியறை விளக்குக்குக் கிட்ட வேண்டாம்.

பாக்க வேண்டிய எண் இறக்கேக்க வாறது. ஏத்தேக்க உள்ள போனதில ஒரு பங்கு சூடாப் போகுது, அதை வைச்சுக் கொள்ளளவு சொல்லக் கூடாது. 4500க்கு மேல எண்டால் பழைய பொதிக்கு நல்ல மொடியூல். 3000க்குக் கீழ எண்டால் விட்டிடுங்கோ. மூண்டு சுத்தில எண் கூடிக்கொண்டு போறது எழும்புற மொடியூல், கூடாமல் நிக்கிறது அவ்வளவுதான்.

நேரத்தையும் கணக்குப் பாருங்கோ. பி6 இறக்கிறது 5 வாட்தான், 7 வோல்ட்டில 0.7 அம்பியர். ஒரு இறக்கம் ஒன்பது மணித்தியாலம் வரும். ஏத்தம் ஒண்டரை மணித்தியாலம். 28 மொடியூலுக்கு மூண்டு சுத்து எண்டால் ஒரு சார்ஜரில 37 நாள். நாலு வாய் உள்ள சார்ஜர் எண்டால் ஒன்பது, பத்து நாளில முடியும். பல்பால இறக்கினால் கெதி, ஆனால் 6 வோல்ட்டில வெட்டுற ஒரு அலாரம் இல்லாமல் அதைச் செய்ய வேண்டாம். பல்ப் தானா நிக்காது.

சுத்து முடிஞ்சு நிரப்பி ஒரு கிழமை சும்மா விடுங்கோ. மற்றது 7.9இல நிக்கேக்க ஒண்டு 7.5க்கு இறங்கினால் அது உள்ளுக்குள்ள தானா வடியுது. கொள்ளளவு நல்லா இருந்தாலும் போடாதேங்கோ.

புத்தளம்_வெசல்காரன்

இதே முறையை ஹொண்டா வெசலுக்கும் செய்யலாமா?

மட்டுநகர்_மின்னியல்

செய்யக் கூடாது. வெசல் ஹைபிரிட், ஃபிட் ஜிபி5 இரண்டிலும் இருப்பது லித்தியம் அயன். 48 செல், 172.8 வோல்ட். நிக்கலுக்குக் கொஞ்சம் கூடுதலாக ஏற்றினால் சூடாகி வாயுவோடு போகும். லித்தியத்தில் அதே தவறு தீயாக முடியும். நிக்கல் முறையில் சார்ஜரை வைத்து லித்தியம் செல்லை ஏற்றவே கூடாது. ஸ்கானரில் செல் வோல்ட் பார்ப்பது, ஃபானைத் துப்புரவாக்குவது, இவற்றோடு நிறுத்துங்கள். முதல் தலைமுறை ரொயோட்டா அக்குவா வேறு, அது நிக்கல்தான். 20 மொடியூல், 144 வோல்ட், பின் சீட்டுக்குக் கீழே இருக்கும்.

நல்லூர்_மெக்கானிக்

லோட் எண்ணைப் பாத்தாப் பிறகு வோல்ட்மீற்றர் அண்ணை சொல்லுறதை ஒத்துக்கொள்ளுறன். ஆனால் அவசரத்துக்கு ஓட வேணும் எண்டவைக்கு ஒரு மொடியூல் மாத்திறதும் ஒரு வழிதான், சில மாசத்துக்குத்தான் எண்டு முதலே சொல்லிப்போட்டுச் செய்யோணும். பழைய மொடியூல் வாங்கேக்கயும் பல்பைக் கடைக்குக் கொண்டுபோய் இரண்டு நிமிசம் போட்டுப் பாத்து எடுங்கோ. பக்கம் ஊதினது, முனையடியில ஈரம் தெரியிறது இரண்டையும் கையிலயும் எடுக்க வேண்டாம்.

தென்மராட்சி_கராஜ்

பூட்டேக்க கவனிக்க வேண்டியது.

பூட்ட முதல் 28ஐயும் ஒரே மட்டத்துக்குக் கொண்டு வரோணும். பிளஸ் எல்லாம் ஒண்டா, மைனஸ் எல்லாம் ஒண்டா, 2.5 சதுர மி.மீ. வயரால சமாந்தரமா இணைச்சு ஒரு நாள் விடுங்கோ. இணைக்கிறதுக்கு முதல் எல்லாம் 0.2 வோல்ட்டுக்குள்ள நிக்கோணும். ஒரு மொடியூலின்ர உள் தடை 20 மில்லி ஓம் அளவு எண்டால் இரண்டுக்கிடையில 0.2 வோல்ட் 5 அம்பியரை ஓட வைக்கும். 1 வோல்ட் வித்தியாசம் எண்டால் 25 அம்பியர், வயர் சுடும்.

அடுக்கேக்க எழும்பிய மொடியூல்களை நடுவில வைக்காதேங்கோ, ஓரத்தில வையுங்கோ. நடுச்சூட்டை வலுவானதுகள் தாங்கட்டும். ஒரு புளொக்குக்குள்ள வாற இரண்டும் கிட்டத்தட்ட ஒரே கொள்ளளவா இருக்கோணும். பிளஸ், மைனஸ் மாறி மாறி வருதோ எண்டு ஒவ்வொண்டா விரல் வைச்சுப் பாருங்கோ. ஒண்டு திரும்பி நிண்டால் பட்டையைப் போடேக்க நேர சோட்டாகும்.

முனை நட்டு 5.4 நியூட்டன் மீற்றர், அதுக்குச் சின்ன ரோர்க் ஸ்பனர் கட்டாயம். கூட இறுக்கினால் முனை அடியில சுத்தி, அதுக்குள்ளாலதான் கசிவு தொடங்கும். குறைய இறுக்கினால் அந்த இடம் சூடாகிப் பிளாஸ்ரிக் உருகும். முதல் ஒரு பக்கம் முழுக்க, பிறகு மற்றப் பக்கம். மற்றப் பக்கத்துக்குப் போகேக்க வோல்ட் கூடிக்கொண்டே வரும், கிளவுஸ் திரும்பக் கையில இருக்கோணும். கடைசிப் பட்டை பூட்டேக்க முழுச் சங்கிலியும் சேருது எண்டதை நினைவில வையுங்கோ.

வாயுக் குழாயும் வெப்ப உணரிகளும் முந்தி இருந்த இடத்திலயே வரோணும். சேர்விஸ் பிளக்கின்ர கைப்பிடி கடைசி மட்டும் போய்ப் பூட்டுப்படாட்டி பி0ஏ0டி வந்து வாகனம் ரெடிக்கு வராது. கனபேர் அந்த இடத்தில பயந்து பொதியைத் திரும்ப இறக்கிறவை. முதல் கைப்பிடியைப் பாருங்கோ. 12 வோல்ட் மைனஸ் எல்லாத்துக்கும் கடைசி.

கோண்டாவில்_தம்பி

விளங்குது அண்ணை. 12க்கும், எழும்பாமல் போனால் 14க்கும் மொடியூல் பாக்கிறன். பூட்டினாப் பிறகு என்ன பாக்கோணும்?

வோல்ட்மீற்றர்

கோடுகளை அழிச்சுப்போட்டு, ரெடியில நிக்க விட்டு 14 புளொக்கையும் பாருங்கோ. நின்ற நிலையில 0.1 வோல்ட்டுக்குள்ள நிக்கோணும். பிறகு ஓடி, அதே ஏத்தம், அதே பிரேக். லோட்டில வித்தியாசம் 0.3க்குள்ள வந்தால் வேலை சரி. 0.6, 0.7 காட்டினால் முதல் அந்தப் புளொக்கின்ர நட்டையும் வயர் முனையையும் சந்தேகப்படுங்கோ, மொடியூலை அதுக்குப் பிறகு. மத்தியான வெயிலில ஒருக்கா ஓடி வெப்ப உணரி மூண்டையும் ஒப்பிடுங்கோ. ஒண்டு மட்டும் கூடச் சுட்டால் காத்துக் குழாய் சரியாப் பொருந்தேல்லை.

வாகனத்தை மாசக்கணக்கா நிப்பாட்டி வைக்க வேண்டாம், நிக்கல் தானா வடியும். மாசத்தில ஒருக்காவாவது ரெடியில அரை மணித்தியாலம் விடுங்கோ. ந்யூட்ரலில விட்டால் சார்ஜ் ஏறாது, பார்க்கில விடுங்கோ.

கழட்டின 12ஆவது மொடியூலின்ர இரண்டு முனையையும் ரேப்பால மூடி, நிமித்தின நிலையில பிளாஸ்ரிக் பெட்டியில வைச்சு, பழைய பற்றரி எடுக்கிற இடத்தில குடுங்கோ. வளவில எறிஞ்சால் கிணத்துக்குத்தான் போய்ச் சேரும்.